கத்திக்கு முன் மூன்று மாதம்

இருமினால், தும்மினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் சிறுநீர் சொட்டுகிறது என்று ஒரு பெண் தயங்கித் தயங்கி வாய் திறந்தால், வீட்டில் கிடைக்கும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "பிள்ளை பெத்த உடம்பு, வயசானா அப்படித்தான் இருக்கும்." அதையும் தாண்டி மருத்துவரிடம் போனால் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு வரும், இல்லையென்றால் ஒரு மாத்திரைச் சீட்டு. எழுந்து கிளம்பும் நேரத்தில், "கெகல் பயிற்சி செய்யுங்க, நெட்ல பாத்தா தெரியும்" என்று ஒரு வரி போனால் போகிறதென்று வந்து விழும். அறுவை சிகிச்சை இல்லாத வழிகளில் மிக வலுவான சான்று உள்ளது இந்தக் கடைசி வரிக்குத்தான். ஆனால் இடுப்புத்தளப் பயிற்சி என்பது சொல்லிவிட்டால் முடிந்துபோகும் அறிவுரை அன்று. மருந்துக்கு அளவும் காலமும் கண்காணிப்பும் இருப்பதுபோல இதற்கும் உண்டு. அவற்றோடு கொடுத்தால் அது சிகிச்சை; அவை இல்லாமல் கொடுத்தால் வெறும் பேச்சு. வெறும் பேச்சைப் பெற்றுக்கொண்ட பெண்கள் ஆறு மாதம் கழித்து "பயிற்சியெல்லாம் செஞ்சு பாத்தாச்சு, ஒண்ணும் ஆகல" என்று வரும்போது, தோற்றது பயிற்சி என்று எழுதிக்கொள்கிறோம். அந்தக் கணக்கு தவறு.

இது எத்தனை பேருடைய பிரச்சினை என்பதிலிருந்து தொடங்கலாம். நார்வேயில் ஒரு முழு மாவட்டத்தின் பெண்களிடம் நடத்திய ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளியானது. இருபது வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 28,000 பெண்கள் அதில் பதில் அளித்தார்கள்; நான்கில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் சிறுநீர்க் கசிவு இருந்தது. அதே தரவுகளிலிருந்து 65 வயதுக்கு உட்பட்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, சுகப்பிரசவம் ஆனவர்களில் 21 சதவீதம், சிசேரியன் மட்டும் ஆனவர்களில் 15.9 சதவீதம், பிள்ளையே பெறாதவர்களில் 10.1 சதவீதம் என்று கணக்கு வந்தது. பிரசவம் ஒரு காரணம்தான். ஆனால் பிரசவமே காணாத பத்துப் பேரில் ஒருவருக்கும் கசிவு இருக்கிறது. "பிள்ளை பெத்த உடம்பு" என்ற சமாதானம் இங்கேயே பாதி ஆட்டம் காண்கிறது. கசிவிலும் வகைகள் உண்டு. இருமல், தும்மல், சிரிப்பு, பளு தூக்குதல் என வயிற்றில் அழுத்தம் கூடும்போது கசிவது ஒரு வகை. இதை அழுத்தக் கசிவு எனலாம். திடீரென்று அடக்க முடியாத அவசரம் வந்து, கழிப்பறை போவதற்குள் போய்விடுவது இன்னொன்று. அது அவசரக் கசிவு. இரண்டும் கலந்து இருப்பவர்களும் ஏராளம். பிரசவத்துக்குப் பின் இரவும் பகலும் நிற்காமல் வழிந்துகொண்டே இருந்தால் அது வேறு சமாசாரம்: சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே துளை விழுந்திருக்கலாம், அதற்குப் பயிற்சி உதவாது. சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், சிறுநீர் முழுதாக வெளியேறாத உணர்வு, கால்களில் திடீர்ப் பலவீனம் ஆகியவற்றோடு கசிவு வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியவர் மருத்துவர்தான்.

அழுத்தக் கசிவு ஏன் வருகிறது என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டிலான்சி 1994-இல் ஒரு தெளிவான விளக்கம் தந்தார். சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய், யோனியின் முன்சுவரும் அதைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் திசுக்களும் சேர்ந்த ஒரு படுகையின்மேல் கிடக்கிறது. அந்தப் படுகையை இடுப்பின் அடியில் குறுக்காக விரிந்திருக்கும் தசைகள் தாங்குகின்றன. இருமும்போது வயிற்றின் அழுத்தம் மேலிருந்து குழாயை நசுக்குகிறது. கல்தரையில் கிடக்கும் தோட்டக் குழாயைக் காலால் மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும். சேற்றில் கிடந்தால் குழாய் உள்ளே அமுங்குமே தவிர, தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்கும். இடுப்புத்தளம் கல்தரையாக இருக்கிறதா சேறாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பிரசவத்தில் தசை கிழிந்திருக்கலாம், நரம்பு இழுபட்டிருக்கலாம். நாள்பட்ட இருமலும் மலச்சிக்கலில் முக்குவதும் உடல் எடையும் ஆண்டுக்கணக்கில் அதைத் தளர்த்தியிருக்கலாம். தசை என்பதால் ஒரு நல்ல செய்தியும் கூடவே வருகிறது: கையைப் போல, காலைப் போல, பழக்கினால் வலுப்படும். வலுப்படும் முன்பேகூடப் பயன் தரும். டிலான்சியின் குழுவினர் 1998-இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், இலேசானது முதல் நடுத்தர அளவு வரை கசிவுள்ள 27 முதிய பெண்களுக்கு ஒரே ஓர் உத்தியைக் கற்றுக்கொடுத்தார்கள். இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததும், அதற்கு ஒரு கணம் முன்பே இடுப்புத்தளத்தை இறுக்கிக்கொள்ள வேண்டும். ஒரே வாரத்தில், நடுத்தர இருமலின்போது வெளியேறிய சிறுநீர் சராசரியாக 98 சதவீதம் குறைந்தது. ஆழ்ந்த இருமலின்போது 73 சதவீதம். ஒரு வாரத்தில் எந்தத் தசையும் பருத்துவிடாது. இங்கே கைகூடியது வலிமையன்று, நேரம் பார்த்து இறுக்கும் பழக்கம்.

இந்தப் பயிற்சிக்குப் பெயர் தந்த ஆர்னால்டு கெகல் லாஸ் ஏஞ்சலிசில் பணியாற்றிய மகளிர் நோய் மருத்துவர். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1948-இல் வந்தது. அவருக்கு முன்பே லண்டனில் நடனக் கலைஞரும் பிசியோதெரபிஸ்டுமான மார்கரெட் மாரிஸ் 1936-இல் இதையொத்த பயிற்சிகளை எழுதியிருக்கிறார். பெயர் என்னவோ மருத்துவருக்குப் போய்விட்டது. கெகலின் கட்டுரையைப் பார்த்தால் ஒன்று புலப்படும். அவர் பயிற்சியை மட்டும் சொல்லவில்லை. யோனிக்குள் வைத்து, தசை இறுகும் அழுத்தத்தை முள் அசைவாகக் காட்டும் கருவி ஒன்றையும் உருவாக்கியிருந்தார். சரியான தசைதான் இறுகுகிறதா என்று முதலில் விரல்விட்டுப் பரிசோதிப்பது, பிறகு கருவியில் பெண் தானே பார்த்துப் பார்த்துப் பழகுவது, வாராவாரம் வந்து முன்னேற்றத்தைக் காட்டுவது எனக் கற்பித்தலும் அளத்தலும் அவர் முறையின் உயிர்நாடி. உலகம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது அவர் பெயரையும் "இறுக்குங்கள், விடுங்கள்" என்ற இரண்டு சொற்களையும்தான்.

அந்த இரண்டு சொற்கள் மட்டும் போதுமா என்பதை 1991-இல் ரிச்சர்ட் பம்ப் என்ற மருத்துவரின் குழுவினர் சோதித்தார்கள். 47 பெண்களுக்கு வாய்மொழியாகச் சுருக்கமாக விளக்கிவிட்டு, அவர்கள் தசையை இறுக்கும்போது சிறுநீர்க் குழாயில் ஏற்படும் அழுத்தத்தை அளந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். நான்கில் ஒருவர் செய்தது கசிவை மேலும் கூட்டக்கூடிய முறையில் இருந்தது: உள்ளிழுக்க வேண்டியதற்குப் பதில் கீழ்நோக்கி முக்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத தசை இது. கண்ணாடி முன்னால் நின்று சரிபார்க்க முடியாது. வயிற்றையோ தொடையையோ பிட்டத்தையோ இறுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்பு. அடுத்த சான்று நார்வேயின் பிசியோதெரபி ஆய்வாளர் காரி போ 1990-இல் வெளியிட்டது. அழுத்தக் கசிவுள்ள 52 பெண்களை இரண்டாகப் பிரித்தார். எல்லோருக்கும் தசையைச் சரியாக இறுக்கக் கற்றுக்கொடுத்து, வீட்டில் செய்யவும் சொன்னார். ஒரு பிரிவினர் மட்டும் கூடுதலாக வாரம் ஒருமுறை பயிற்றுநரோடு சேர்ந்து கடுமையாகப் பயின்றார்கள். ஆறு மாத முடிவில், பயிற்றுநரோடு பயின்றவர்களில் 60 சதவீதம் பேர் கசிவு நின்றது அல்லது ஏறத்தாழ நின்றது என்றார்கள். வீட்டில் தனியாகச் செய்தவர்களில் 17 சதவீதம் பேர்தான். அதே தசை, அதே பயிற்சி. பயிற்சி பலித்ததா இல்லையா என்று கேட்பவர்கள், எந்தப் பிரிவில் இருந்தீர்கள் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2018-இல் 31 ஆய்வுகளை, 1,817 பெண்களின் தரவுகளை எடுத்துக்கொண்டது. அழுத்தக் கசிவு உள்ளவர்களில், பயிற்சி பெற்றவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். எந்தச் சிகிச்சையும் பெறாதவர்கள் அல்லது பெயருக்கு ஏதோ பெற்றவர்களில் 6 சதவீதம். அறுவையோ மருந்தோ இல்லாத ஒரு முறைக்கு இது அசாதாரணமான வித்தியாசம். பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல், அழுத்தக் கசிவுக்கும் கலப்புக் கசிவுக்கும் முதல் சிகிச்சையாகக் குறைந்தது மூன்று மாதம் மேற்பார்வையோடு கூடிய பயிற்சியைச் சொல்கிறது. ஒரு வேளைக்குக் குறைந்தது எட்டு முறை இறுக்க வேண்டும், நாளைக்கு மூன்று வேளை. நடைமுறையில் பிசியோதெரபிஸ்ட் முதலில் விரலால் தசையின் வலுவைப் பார்ப்பார். எத்தனை நொடி பிடித்து நிறுத்த முடிகிறது, எத்தனை முறைக்குப் பின் சோர்ந்துபோகிறது என்று கண்டு, அந்த அளவிலிருந்து தொடங்குவார். மூன்று நொடிகூட நிற்காத தசையிடம் பத்து நொடி கேட்பதில் பயனில்லை. அபான வாயுவை அடக்குவதுபோல ஆசனவாயைச் சுற்றி உள்ளே, மேலே இழுக்க வேண்டும். மூச்சு இயல்பாக ஓட வேண்டும். ஒவ்வொரு இறுக்கத்துக்கும் இடையே முழுதாகத் தளர்த்த வேண்டும். முதலில் படுத்து, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று, கடைசியில் பளு தூக்கும்போது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பது தசையை அடையாளம் காண ஒரு தடவை உதவலாம். அதையே தினப்பயிற்சி ஆக்கினால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகும் வழக்கம் கெடும். இடுப்புத்தளம் ஏற்கெனவே இறுகிப்போய் வலியோடு இருக்கும் பெண்களும் உண்டு. அவர்கள் கற்க வேண்டியது தளர்த்துவதை. யூடியூப் காணொளிக்கு இந்த வேறுபாடு தெரியாது.

ஆசிரியர் இல்லாத இடத்தை நிரப்பக் கருவி வியாபாரிகள் வருகிறார்கள். யோனிக்குள் வைக்கும் எடைக் கூம்புகள், மின்தூண்டல், உடையோடு உட்கார்ந்தால் போதும் என்ற காந்த நாற்காலி, லேசர் என்று பட்டியல் நீள்கிறது. காரி போவும் சகாக்களும் 1999-இல் 107 பெண்களிடம் பயிற்சி, மின்தூண்டல், கூம்பு, சிகிச்சை இல்லாத நிலை ஆகிய நான்கையும் ஒப்பிட்டார்கள். தெளிவாக முந்தியது பயிற்சிதான். கெகலின் கருவியின் நவீன வாரிசான, தசையின் இயக்கத்தைத் திரையில் காட்டும் பயோஃபீட்பேக்கையும் ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 600 பெண்களிடம் நடந்து 2020-இல் வெளிவந்த ஆய்வில், நல்ல பயிற்றுநர் கற்பிக்கும்போது கருவி சேர்ந்தாலும் சேராவிட்டாலும் இரண்டு ஆண்டு முடிவில் வேறுபாடு இல்லை. இதை வைத்துக் கெகல் சொன்னது தவறு என்று முடிவு கட்டுவதற்கில்லை. அந்த ஆய்வின் இரு பிரிவுகளிலும் பெண்களைப் பரிசோதித்து, திருத்தி, மறுபடி வரவழைத்துப் பார்த்த ஒரு மனிதர் இருந்தார். முள் செய்த வேலையை விரலும் கண்ணும் செய்துவிட்டன. லேசரைப் பொறுத்தவரை, யோனிக்குப் 'புத்துயிர்' தருவதாகவும் சிறுநீர்க் கசிவைப் போக்குவதாகவும் விளம்பரம் செய்த நிறுவனங்களை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் வெளிப்படையாகவே கண்டித்தது. நம் ஊர்களிலும் இத்தகைய விளம்பரங்கள் தலைகாட்டத் தொடங்கியிருப்பதால் அந்த எச்சரிக்கையை நினைவில் வைப்பது நல்லது.

அவசரக் கசிவுக்கும் இதே தர்க்கம் பொருந்துகிறது என்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கும் விஷயம். அங்கே கோளாறு தாங்கும் படுகையில் இல்லை. சிறுநீர்ப்பையின் சுவர்த்தசை நிறைவதற்கு முன்பே சுருங்குகிறது. எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டைவிட்டு இறங்கும் முன்னெல்லாம் கழிப்பறைக்குப் போய்வருவதும், நனைந்துவிடுமோ என்ற பயத்தில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் அதை மோசமாக்கும். முதலாவது பழக்கத்தால் சிறுநீர்ப்பை கொஞ்சம் நிறைந்ததுமே அவசரம் காட்டப் பழகிவிடுகிறது. இரண்டாவதால் சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சலூட்டுகிறது, மலச்சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. இதற்கான சிகிச்சை சிறுநீர்ப்பைப் பயிற்சி: எப்போது போகிறோம், எவ்வளவு, எப்போது கசிந்தது என்று மூன்று நாள் எழுதிப் பார்த்து, இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவது. அவசரம் வந்ததும் ஓடக் கூடாது. நின்று, இடுப்புத்தளத்தை நாலைந்து முறை வேகமாக இறுக்கினால் சிறுநீர்ப்பை அடங்கும். அலை தணிந்தபின் நடந்து போகலாம். குறைந்தது ஆறு வாரம் பிடிக்கும். இது மாத்திரைக்கு ஈடாகுமா? கேத்ரின் பர்ஜியோ தலைமையில் 1998-இல் வெளியான ஆய்வு நேரடியாக இதையே கேட்டது. 55 வயதுக்கு மேற்பட்ட 197 பெண்களில், கற்பித்த பயிற்சி கசிவை 81 சதவீதம் குறைத்தது. ஆக்சிபியூட்டினின் மாத்திரை 69 சதவீதம். வெற்று மாத்திரை 39 சதவீதம். ஆக்சிபியூட்டினினும் அதன் உறவினங்களும் வாய் உலர்ச்சியையும் மலச்சிக்கலையும் தரும், முதியவர்களின் நினைவைக் குழப்பும். பின்னால் வந்த மிராபெக்ரானுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். மாத்திரைக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. பயிற்சி போதாதபோது அது வரட்டும் என்பதுதான் வரிசை.

துணையாக நிற்பவை வேறு சில. உடல் எடை அவற்றில் முதன்மை: 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அதிக எடை கொண்ட 338 பெண்களில் ஆறு மாதம் தீவிரமாக முயன்றவர்கள் சராசரியாக 8 சதவீத எடையைக் குறைத்தார்கள், வாராந்தரக் கசிவு 47 சதவீதம் குறைந்தது, வெறும் அறிவுரை வகுப்பு பெற்றவர்களிடம் 28 சதவீதம். மாதவிடாய் நின்றபின் யோனிக்குள் இடும் ஈஸ்ட்ரோஜென் களிம்பு அவசரத்தை ஓரளவு தணிக்கும். அதே ஹார்மோனை மாத்திரையாக விழுங்கினால் கசிவு கூடவே செய்கிறது என்று அமெரிக்காவின் மிகப் பெரிய ஹார்மோன் ஆய்வு காட்டியிருக்கிறது. யோனிக்குள் பொருத்தும் சிலிக்கோன் வளையம், வேலை நேரத்தில் மட்டும் தாங்கல் வேண்டியவர்களுக்கு நல்ல வழி.

இனி வலுவான எதிர்வாதத்துக்கு வருவோம். அறுவை சிகிச்சைதான் கூடுதலாகப் பலிக்கிறது என்றால் எதற்கு மூன்று மாதத்தை வீணாக்க வேண்டும்? கேள்வி நியாயமானது, அதற்குச் சான்றும் உண்டு. நெதர்லாந்தில் நடுத்தரம் முதல் கடும் கசிவு வரை இருந்த 460 பெண்களைப் பிசியோதெரபிக்கும், குழாயின் அடியில் வலைநாடா பொருத்தும் அறுவைக்கும் குலுக்கிப் பிரித்தார்கள். 2013-இல் வெளியான முடிவின்படி ஓராண்டில் முன்னேற்றம் கண்டவர்கள் அறுவைப் பிரிவில் 91 சதவீதம், பிசியோதெரபிப் பிரிவில் 64 சதவீதம். பயிற்சியில் தொடங்கியவர்களில் 49 சதவீதம் பேர் இடையில் அறுவைக்கு மாறினார்கள். இதை மறைத்துவிட்டுப் பயிற்சியைப் புகழ்வது நேர்மையன்று. ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் படியுங்கள்: கசிவு கடுமையாக இருந்தவர்களிடையேயும் பாதிப் பேர் அந்த ஓராண்டில் அறுவை மேசைக்குப் போகவில்லை. ஆய்வில் பதிவான பாதகங்கள் அனைத்தும் அறுவையைச் சார்ந்தவை. பயிற்சி செய்தபின் அறுவை செய்துகொள்ள எந்தத் தடையும் இல்லை. வலையை உடலில் பொருத்தியபின் திரும்பி வருவதுதான் கடினம். அந்த வலையால் நீங்காத வலிக்கு ஆளான பெண்களின் குரல் வலுத்தபின் இங்கிலாந்து 2018 ஜூலையில் அதன் பயன்பாட்டை நிறுத்திவைத்தது. 2020-இல் வந்த கம்பர்லெஜ் அறிக்கை, அந்தப் பெண்கள் சொன்னதை மருத்துவ உலகம் ஆண்டுக்கணக்கில் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று பதிவு செய்தது. நல்ல கையில், தேவையானவருக்கு, அறுவை பெரிய விடுதலை. முதல் அடியாக அது இருக்க வேண்டியதில்லை என்பதுதான் என் வாதம்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது: இந்தப் பலன் நிலைக்குமா? காரி போவே பதினைந்து ஆண்டு கழித்துத் தம் 1990 ஆய்வின் பெண்களைத் தேடிப்போனார். இரு பிரிவுகளுக்கும் இடையே இருந்த வித்தியாசம் மறைந்துபோயிருந்தது. இரண்டிலும் ஏறத்தாழ பாதிப் பேர் இடையில் அறுவை செய்துகொண்டிருந்தார்கள். தொடர்ந்து பயிற்சி செய்தவர்கள் குறைவு. தசை இப்படித்தான், விட்டால் தளரும். ஆயினும் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியவருக்கு அழுத்தம் ஏறினால் மாத்திரை பலிக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. ஒருமுறை கற்பித்துவிட்டுக் கைகழுவாமல், ஆண்டுக்கு ஓரிரு முறை திரும்ப அழைத்துப் பார்க்கும் ஏற்பாடு வேண்டும் என்பதே இந்த முடிவு சொல்லும் பாடம்.

அப்படிக் கற்பிக்க நம்மிடம் ஆள் எங்கே என்பது மூன்றாவது கேள்வி. பெரிய நகரங்களின் சில மருத்துவமனைகளைத் தாண்டினால் இடுப்புத்தளப் பயிற்சியில் தேர்ந்த பிசியோதெரபிஸ்டைக் கண்டுபிடிப்பது கடினம் என்பது உண்மை. ஆனால் தமிழ்நாட்டுக்கு ஒரு வசதி உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுபோகும் பெண் ஊழியர்களோடு பிசியோதெரபிஸ்டுகளும் வீடு தேடிச் செல்கிறார்கள். மாத்திரை கொடுக்கும்போதே "இருமினால் நனைகிறதா அம்மா?" என்று ஒரு கேள்வி கேட்கவும், அந்தப் பிசியோதெரபிஸ்டுகளில் பெண்களாக இருப்பவர்களுக்கு இடுப்புத்தளப் பரிசோதனையில் சில வாரப் பயிற்சி தரவும் புதிய கட்டடமோ இறக்குமதிக் கருவியோ தேவையில்லை. பிரசவத்துக்குப் பின் தாய்மார்கள் தடுப்பூசிக்காக ஆரம்ப சுகாதார நிலையம் வரும் நாட்களிலும் இதைச் செய்யலாம். சுகாதாரத் துறை இதைத் தொடங்க வேண்டும். அதுவரை, கசிவு உள்ள பெண்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இந்தப் பயிற்சியை நான் சரியாகச் செய்கிறேனா என்று யார் பரிசோதித்துச் சொல்வார்கள்?" பதில் கிடைக்கும்வரை அறுவைக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டாம்.